வளைந்த பன்னிரண்டு

அக்டோபர் 6, திங்கள்

இந்தப் புத்தகத்தை நேற்றுதான், தைத்து ஒட்டியதை அழுத்திவைக்கிற பிரஸ்ஸிலிருந்து எடுத்தேன். இது விற்பனைக்கு இல்லை. பெரிய ஆர்டர் எது வந்தாலும் முதலில் ஒரு மாதிரிப் புத்தகம் தைத்து, அதில் ஒரு மாதம் ஏதாவது எழுதிப் பார்ப்பேன். மை ஊறுகிறதா, தையல் தளர்கிறதா, விரித்தால் ஒழுங்காகப் படுக்கிறதா, முத்தியால்பேட்டை மழை ஈரத்தை அட்டை தாங்குகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். எழுத விஷயம் இருக்க வேண்டும் என்பதில்லை. போன தடவை ஒரு மாதம் முழுக்க மளிகைச் சாமான் பட்டியல் எழுதினேன்.

இந்தப் பழக்கம் மூன்று வருடமாகத்தான். அதற்கு முன் எனக்கு என்மேல் ரொம்ப நம்பிக்கை.

ஆர்டர் சென்னையில் ஒரு கலைப்பள்ளிக்கு. படிப்பை முடித்துப் போகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க, எழுதாத வெற்றுப் புத்தகம் அறுபது. அங்கே தலைமைப் பொறுப்பில் இருக்கும் சாருமதி மேடம் மூன்று வருடம் கழித்து மறுபடி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அந்தத் தடவை நாற்பது செய்தோம். பன்னிரண்டின் அட்டை அப்பளம் மாதிரி வளைந்து திரும்பி வந்தது. அப்போது அஞ்சலாட்சி என்னோடு இருந்தாள். தாள் செய்வது அவள், தைத்து அட்டை கட்டுவது நான். அவள் தாளைச் சரியாகக் காயவைக்கவில்லை. அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது தாளை வெளியில் வாங்குகிறேன்.

மை ஊறவில்லை. நல்ல தாள்.

அக்டோபர் 7

காலையில் பசை காய்ச்சினேன். மைதா, தண்ணீர், பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சவரி சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு இட்லிக்கு நீல சட்னியா ஜெசி?" என்றார். கல்யாணமாகி இருபது வருடமாக இதே கிண்டல். அவர் பி.டி. மாஸ்டர், ஒரே விசிலை வருடக்கணக்கில் ஊதிப் பழகியவர். நானும் இருபது வருடமாகச் சிரிக்கிறேன்.

மதியம் தாள்களை மடித்தேன். நாலு நாலாக ஒன்றுக்குள் ஒன்று செருகினால் ஒரு பாரம். மாட்டெலும்புப் பட்டையால் மடிப்பைத் தேய்க்கும்போது ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுக்கொண்டே சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பேன்.

அக்டோபர் 9

அட்டைக்கு மேல் ஒட்டுகிற காலிகோ துணி வாங்க நேரு வீதிக்குப் போனேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகியிருந்தார். முதல் இடுக்கில் பத்து, அடுத்ததில் இருபது, அப்புறம் ஐம்பது. பார்க்காமலே உருவுகிறார், பார்க்காமலே செருகுகிறார், ஒன்றும் கீழே விழவில்லை. முதுகே இல்லாமல் ஒரு புத்தகம் செய்தால் என்ன? ஒவ்வொரு பாரமும் தனித்தனி மடிப்பு. பிடித்திருக்கிற கைதான் அதற்குக் கட்டு. கையை விட்டால் எல்லாம் கொட்டிவிடும். இதை யோசித்துக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன். கண்டக்டர் அதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கச் சொன்னார்.

டிக்கெட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பசை பின்பக்கம் தெரியவில்லை.

அக்டோபர் 11

மழை. துணி காயவில்லை. அட்டை காய்ந்திருக்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்குப் போனேன். யாரும் கேட்காத ஒரு புத்தகத்தை எனக்கென்று செய்துகொண்டிருக்கிறேன். அப்போதுதான் எடுத்த ஈரத் தாளை, பத்து எண்ணும்வரை மழையில் பிடிப்பேன். துளி விழுந்த இடமெல்லாம் சின்னக் குழியாகும். காய்ந்த பிறகு தடவினால் அது எப்படிப்பட்ட மழை என்று விரலுக்குத் தெரியும். தூறலுக்கு ஒரு பக்கம், அடைமழைக்கு ஒரு பக்கம். இந்த வருட மழை முழுவதும் ஒரே புத்தகமாக வர வேண்டும்.

இதற்குக் கடைத் தாள் உதவாது. நானே பழைய துணியை ஊறவைத்து, கூழ் அடித்து, தொட்டியில் சட்டத்தை முக்கி எடுக்கிறேன். ஒரு ஓரம் தடிப்பாகவும் மறு ஓரம் ஓட்டையாகவும் வருகிறது. நான் முதன்முதலில் வார்த்த தோசைகூட இதைவிட நன்றாக இருந்தது. சட்டத்தைத் தூக்கும்போது அஞ்சலாட்சி இடவலமாக இரண்டு, முன்பின்னாக ஒன்று என்று ஒரு குலுக்குக் குலுக்குவாள். எண்ணிக்கை எனக்குத் தெரியும். குலுக்கத்தான் வரவில்லை.

ஏழு தாளில் ஒன்று தேறியது.

அக்டோபர் 14

சாருமதி மேடம் போன் செய்தார். அறுபது பற்றித்தான் இருக்கும் என்று நினைத்து, மாதிரி நன்றாக வந்திருக்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் சோதனை முடிந்துவிடும் என்று நானே ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும் ஜெசிந்தா. இங்க காகிதப் பட்டறைக்கு ஒரு ஆசிரியர் போடறோம். நிரந்தர வேலை. அஞ்சலாட்சின்னு ஒருத்தங்க விண்ணப்பிச்சிருக்காங்க. உங்ககூட ஆறு வருஷம் வேலை செஞ்சேன்னு எழுதியிருக்காங்க."

"ஆமா மேடம்."

"செஞ்சு காட்டச் சொன்னோம். கை பிரமாதம். ஆனா அந்தப் பன்னெண்டு புத்தகம் எனக்கு ஞாபகம் இருக்கே. ஈரத் தாளைக் குடுத்துட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? பிள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்கிற எடம். அதான் முடிவு பண்ண முடியல. நீங்க ஒரு கடிதம் எழுதிக் குடுங்க, முப்பதாம் தேதிக்குள்ள. அதுல என்ன இருக்கோ அதுபடி செய்யறோம்."

சரி என்றேன். பேசி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுப்பைக் கழற்றிப் போட்டு, பர்னரை ஊறவைத்து, ஒரு மணி நேரம் தேய்த்தேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது.

அக்டோபர் 15

நூலுக்கு மெழுகு தேய்த்தேன். கடிதம் எழுத நேரமில்லை.

அக்டோபர் 17

கடிதம் எழுதிவிட்டேன். "அஞ்சலாட்சி தாள் செய்வதில் தேர்ந்தவர். நல்ல உழைப்பாளி. காயவைப்பதில் இன்னும் சற்றுக் கவனம் இருந்தால் மிக நன்றாக வருவார்." நியாயமான கடிதம் என்றே தோன்றுகிறது. கெடுதல் எதுவும் எழுதவில்லை.

இதுவரை எழுதிய பக்கங்களை விரித்துப் பார்த்தேன். தையல் தளரவில்லை.

அக்டோபர் 18, சனி

கடிதத்தை மேசைமேல் வைத்தது என் தப்பு. சவரி படித்துவிட்டார்.

"நாப்பது புத்தகமும் அவ தாள்தானே?" என்றார்.

"ஆமா."

"ஒரே தடவையில செஞ்ச தாளா?"

"ஆமா. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. தாள் ஈரம்னா நாப்பதும்ல வளைஞ்சிருக்கணும்? மீதி இருபத்தெட்டு எப்படித் தப்பிச்சுது?"

முப்பது பிள்ளைகள் ஓடும்போது எவன் கோட்டைத் தாண்டினான் என்று கண்டுபிடிக்கிற கண் அது. வீட்டிலும் அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது? "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றேன். "புரியலதான்" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போய்விட்டார். வஞ்சிரம் கிடைத்திருந்தது. குழம்பு நன்றாகவே வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. கீழ்வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. மூன்று நான் தின்றேன்.

அக்டோபர் 21

விடிந்ததும் சாக்குப் பையோடு தெருவில் இறங்கிப் பட்டாசுக் குப்பை பொறுக்கினேன். அந்தச் சிவப்புத் துணுக்குகளைக் கூழில் தூவினால் தாளில் அங்கங்கே குங்குமம் சிந்தியதுபோல் நிற்கும். தெருக் கூட்டுகிற அம்மா விளக்குமாற்றை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். "மொத்தமா நீயே அள்ளிக்கம்மா, எனக்கு வேல மிச்சம்" என்றார்.

பட்டாசுக்குள் சுருட்டுவது பழைய நோட்டுத் தாள். பிரித்துப் பார்த்தபோது ஒரு துண்டில் ஏதோ பிள்ளையின் கையெழுத்தில் பெருக்கல் கணக்கு. பக்கத்தில் டீச்சர் போட்ட சிவப்புச் சுழி. எங்கேயோ ஒரு பிள்ளை தப்பாகப் போட்ட கணக்கு எங்கள் தெருவில் வந்து வெடித்திருக்கிறது. அதை மட்டும் கூழில் போடாமல் எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 22

மழை விடாமல் பெய்கிறது. பிரஸ்ஸுக்கு அடியில் ஒரு புத்தகம் கிடக்கிறது. திரும்பி வந்த பன்னிரண்டில் பதினொன்றைப் பிரித்துப் போட்டேன்; ஒன்றை மட்டும் மூன்று வருடமாக எடைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். மழைக் காலம் வந்தால் வெளியே எடுத்துப் பார்ப்பேன். எடுத்ததும் சமமாகத்தான் இருக்கும். ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் ஓரம் எழும்பிவிடும். இன்றும் எழும்பியது.

எப்படியும் யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். அட்டைக்குள் நார் ஒரே திசையில் ஓடும். அது புத்தகத்தின் முதுகையொட்டி, மேலிருந்து கீழாக ஓடும்படி வெட்ட வேண்டும். குறுக்கே வெட்டினால் பசை காயும்போது அட்டை வளையும். எத்தனை எடை வைத்தாலும் நிற்காது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்தப் பன்னிரண்டின் அட்டைகள் குறுக்கே வெட்டியவை. வெட்டியது நான். அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருப்பேன்.

அக்டோபர் 23

கடிதத்தை மாற்றினேன். "புத்தகங்கள் வளைந்ததற்கு அட்டை வெட்டியதில் என் பக்கம் நேர்ந்த கவனக்குறைவே காரணம். தாளில் குறையில்லை." கையெழுத்துப் போடவில்லை. இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அக்டோபர் 25, சனி

இன்று வேலை ஓடவில்லை. ஊசியில் நூல் கோப்பதற்கே கால் மணி ஆனது.

அந்தப் பன்னிரண்டுக்கு அட்டை வெட்டிய அன்றைக்கும் சனிக்கிழமைதான். திங்கட்கிழமை காலை வண்டி வந்து புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தது. இருபத்தெட்டுக்கு அட்டை கட்டியாகிவிட்டது. கையில் மீதி, அட்டை வெட்டுகிற மில்போர்டு நாலே நாலு தாள். நார் பார்த்து வெட்டினால் ஒரு தாளுக்கு நாலு அட்டைதான் தேறும், எட்டுப் புத்தகத்துக்கு மேல் வராது. திருப்பிப் போட்டு வெட்டினால் ஆறு தேறும், பன்னிரண்டும் முடிந்துவிடும். கடைக்காரர் வீட்டில் துக்கம், கடை பூட்டியிருந்தது. மேடத்துக்குப் போன் செய்து நாலு புத்தகம் இரண்டு நாள் கழித்து வரும் என்று சொல்லியிருக்கலாம். அது என் முதல் பெரிய ஆர்டர். குறைவாகக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அட்டையை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் நார் ஓடுகிறது என்று நன்றாகத் தெரிந்தது. தெரிந்துதான் திருப்பி வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து மேடம் கோபமாகப் போன் செய்தபோது, தாள் ஈரம் என்று என் வாய் சொல்லிவிட்டது. அஞ்சலாட்சி பக்கத்து அறையில் கூழ்த் தொட்டியருகே நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கும் கேட்டிருக்கும். அந்த மாதக் கடைசியில் போய்விட்டாள். ஏன் போகிறாய் என்று நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

அஞ்சலாட்சியைப் பார்க்க வில்லியனூர் போய் வந்தேன். கவனக்குறைவு என்று எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அதைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம் என்று எண்ணம்.

அஞ்சலாட்சி இப்போது ஒரு பாக்குமட்டைத் தட்டுக் கம்பெனியில் வேலை செய்கிறாள். சூடான அச்சில் மட்டையை வைத்து, மிதித்து, எடுத்து அடுக்குகிற வேலை. முழங்கைக்குக் கீழே அங்கங்கே சுட்ட தழும்பு. என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினாள். "வாங்க" என்றாள். முன்பெல்லாம் சொல்லும் அக்கா என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு வந்தாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். ஒருமுறை படித்தாள். மடித்து என்னிடமே நீட்டினாள்.

"கவனக்குறைவுங்களா?"

கடிதத்தை வாங்கிக் கைப்பைக்குள் திணித்தேன்.

"அன்னிக்கு மாடியில தாள் காயப்போட்டுட்டு கீழ எறங்கி வந்தேன். நீங்க அட்டைய இப்படி வளைச்சுப் பாத்தீங்க, அப்படி வளைச்சுப் பாத்தீங்க. அப்புறம் திருப்பி வச்சு வெட்டனீங்க. கதவுகிட்ட நின்னு பாத்துட்டுதான் திரும்ப மேல போனேன்."

"அப்ப ஏன் அஞ்சலாட்சி ஒண்ணும் சொல்லல?"

"நீங்க கட்ற புத்தகம். உங்களுக்குத் தெரியாததா, நான் சொல்றதுக்கு?"

"மேடம்கிட்ட நான் அப்படிச் சொன்னப்பவாவது கேட்டிருக்கலாமே?"

அவள் கையில் ஒட்டியிருந்த மட்டைத் தூளைத் தட்டிவிட்டாள். "சாயங்காலம் சொல்லுவீங்கன்னு பாத்தேன். மறுநாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அந்த ஆர்டர் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியாதா? என்னைக் கூப்பிட்டு, இப்படி ஆயிடுச்சு, உன் பேரச் சொல்லிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சொல்லிக்குங்கன்னு இருப்பேன். கேக்காம போட்டீங்க. அத்தோட போச்சா? ஈரத் தாள் அஞ்சலாட்சின்னு சென்னை வரைக்கும் பேர். ரெண்டு எடத்துல தாள் குடுத்துப் பாத்தேன், வாங்கல. அப்புறம் இங்க வந்துட்டேன்."

டீ வந்தது. குடித்தோம். சக்கரை அதிகம். அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. நான்தான் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த பெண்மணி ஜன்னலைச் சாத்தினார், மழைத் தண்ணீர் அடிக்கிறது என்று நினைத்திருப்பார்.

அக்டோபர் 29

மூன்றாவது கடிதம். "அட்டையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அட்டை போதவில்லை என்பதால் தெரிந்தே குறுக்கே வெட்டினேன். தாள் ஈரம் என்று உங்களிடம் நான் சொன்னது பொய். அஞ்சலாட்சியின் தாளில் அன்றும் குறையில்லை, அதற்கு முன் ஆறு வருடத்தில் ஒரு நாளும் குறையில்லை." கையெழுத்துப் போட்டுவிட்டு சவரியிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தார். "இத அனுப்புனா அறுபதும் போயிடும் ஜெசி."

"போவும்."

"பேரும் போவும்."

"அவ பேரு போயி மூணு வருஷமாச்சுங்க."

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டியது அவர்தான். பசை அதிகம் வைத்துவிட்டார், ஓரமெல்லாம் பிதுங்கியது. வேறு நாளாக இருந்தால் திட்டியிருப்பேன். நாளைக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் முதலில் போனில் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தபாலிலும் சேர்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 30

பதில் இல்லை. ஆறு பாரம் தைத்தேன். எதற்கு என்று தெரியாமலே தைத்தேன்.

அக்டோபர் 31

மேடம் கூப்பிட்டார். குரல் உயரவில்லை. "எழுதினதுக்கு நன்றி. ஆனா அறுபது புத்தகத்தை உங்ககிட்ட குடுக்க முடியாது ஜெசிந்தா. நிர்வாகத்துக்கு நான் பதில் சொல்லணும். எனக்கும் மனசு ஆறல. மூணு வருஷமா நானும் நாலு பேர்கிட்ட அந்தப் பொண்ணைப் பத்தித் தப்பா பேசியிருக்கேன்."

"தப்பு என்னுதுதான் மேடம்" என்றேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அஞ்சலாட்சி விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, கேட்கிற உரிமை எனக்கில்லை.

வாங்கி அடுக்கிய தாள் சுவரோரம் இடுப்பளவு நிற்கிறது. அதன்மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். சவரியின் அப்பா அம்மா கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். மழையில் நனைந்த சாமந்தி எல்லாக் கல்லறையிலும் குவிந்து கிடந்தது. அந்த மஞ்சள் கூழில் இறங்குமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். சவரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செத்தவங்க பூவையாவது விட்டு வை" என்றார். இரண்டு வாரத்துக்குப் பிறகு இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். கல்லறையில் சிரித்ததற்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பர் 3

மழைப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் தேறியது. ஓரம் தடிப்புதான்.

நவம்பர் 5, புதன்

மாதம் முடிந்தது. ஆர்டர் இல்லாவிட்டாலும் சோதனை சோதனைதானே. அட்டை வளையவில்லை. தையல் நிற்கிறது. அக்டோபர் 25-ஆம் தேதிப் பக்கத்தில் மட்டும் மை கொஞ்சம் ஊறியிருக்கிறது, அன்று அழுத்தி எழுதியிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அஞ்சலாட்சி. மூன்று வருடத்தில் அவளிடமிருந்து வருகிற முதல் போன்.

"வேல கெடச்சிருச்சு. திங்கக்கெழம சேரணும்" என்றாள்.

"சந்தோஷம் அஞ்சலாட்சி."

"மேடம் உங்க கடிதத்தைக் காட்டுனாங்க. முழுசா படிச்சேன்."

பின்னால் தட்டு அச்சு மிதிபடுகிற சத்தம் கேட்டது. இன்னும் வேலையிடத்தில்தான் இருக்கிறாள் போலிருக்கிறது.

"உங்ககிட்ட குடுத்த ஆர்டரத் திரும்ப எடுத்துக்கிட்டாங்களாமே?"

"ஆமா."

"கஷ்டமா இருக்குதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்குது" என்றேன். "ரொம்பவே இருக்குது."

"எனக்கும் அப்படித்தாங்க்கா இருந்துச்சு" என்றாள்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் உடனே போனை வைக்கவில்லை.